பள்ளிக்கூடச் சுவரைத் தின்ற பிள்ளைகள்

போன மாதம் கிளினிக் மிஸ் வீட்டுக்கு வந்து குறைப்பட்டார். பள்ளிக்கூடத்தில் பெரிய பிள்ளைகளுக்கு இரும்புச் சத்துக் குளிசை கொடுக்கிறார்களாம். அதுகள் வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் துப்பிவிட்டு வருகின்றனவாம். "அம்மா, நீங்கள் அந்தக் காலத்து ஆஸ்பத்திரி அற்றெண்டன். ஒருக்கா வந்து பிள்ளையளுக்கு முன்னாலை நாலு கதை சொல்லுங்கோவன்" என்று கேட்டார்.

நாலு பேருக்கு முன்னால் நின்றால் எனக்கு என் பெயரே மறந்துபோகும். "அது மட்டும் என்னாலை ஏலாது பிள்ளை" என்றேன். "அப்ப எழுதித் தாங்கோ. நான் வாசிக்கிறன்" என்று ஒரு கொப்பியையும் பேனையையும் தந்துவிட்டுப் போனார். நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரை. பிழைகளை மிஸ் திருத்துவார். ஆனால் ஒன்றையும் வெட்டக்கூடாது என்று சொல்லித்தான் எழுதத் தொடங்குகிறேன். வாயால் சொல்ல வெட்கமானதை எழுதினால் ஒருவருக்கும் என் முகம் தெரியாதுதானே.

ஐம்பதுகளின் கடைசி அது. வட்டக்கச்சிப் பக்கம் காடு வெட்டி, வாய்க்கால் வெட்டி, சனங்களைக் குடியேற்றிய காலம். எங்கள் குடியேற்றத்தில் இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாக ஒரு டிஸ்பென்சரி இருந்தது. அங்கே எனக்கு வேலை கிடைத்தபோது வயது பத்தொன்பது. இரண்டு வருடம் போத்தல் கழுவினேன், ஊசி அவித்தேன், பஞ்சு உருட்டினேன், கூட்டித் துடைத்தேன். நான் பெற்ற பயிற்சி அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் அப்போதிக்கரி ஐயாவிடம் பார்த்துப் பழகியது. டொக்டர் இல்லாத ஊர்களில் டொக்டரின் வேலையைப் பார்ப்பவரை அப்போதிக்கரி என்போம். எங்கள் ஐயா யாழ்ப்பாணத்தார். கமுகமரம் போல உயரம். வெள்ளைக் காற்சட்டையின் ஒரு காலைச் சைக்கிள் சங்கிலிக்காகக் கிளிப்புப் போட்டு ஒடுக்கியிருப்பார். சைக்கிளை விட்டு இறங்கினாலும் அதைக் கழற்றமாட்டார். யாரையும் ஏசமாட்டார். ஆனால் என்ன சொன்னாலும் முடிவில் "திருப்பிச் சொல்லும்" என்பார். மருந்து குடிக்கும் முறையைச் சொல்லி முடித்ததும் நோயாளி அதை அப்படியே ஒப்புவிக்க வேண்டும். ஒரு சொல் தவறினாலும் தொடக்கத்திலிருந்து. காது கேளாத ஒரு கிழவர் இருமல் மருந்து வாங்க வந்து, வெய்யில் ஏறி இறங்கும்வரை திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிவில் அவருடைய மாடு வந்து அவரைத் தேடிக் கூட்டிக்கொண்டு போனது. பஸ் கொண்டக்டரிடம்கூட ஐயா "பரந்தனிலை இறக்கிவிடும். எங்கை, திருப்பிச் சொல்லும்" என்பார்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் ஆளனுப்பினார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் காலைத் தேவாரம் முடிவதற்குள் பொத்துப் பொத்தென்று விழுகிறார்களாம். ஐயா சைக்கிளில் முன்னே போக, நான் மருந்துப் பெட்டியோடு வாய்க்கால் வரம்பால் நடந்து போனேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே கிடுகுக் கூரை. சுற்றிவர இடுப்பளவு அரைச்சுவர், புற்றுமண் குழைத்துப் பூசியது. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு கரும்பலகை மட்டும். ஒரு வகுப்பில் யாராவது தும்மினால் மூன்று வகுப்புக்கு அப்பால் "நூறு வயது" என்பார்கள்.

ஐயா இரத்தம் பார்க்கும் முறையை நான் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். இடது கையின் நாலாம் விரலை ஸ்பிரிற் பஞ்சால் துடைக்க வேண்டும். ஸ்பிரிற் காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் இரத்தம் நீர்த்துப்போகும். குத்திய பிறகு விரலைப் பிதுக்கக்கூடாது. முதல் துளியைத் துடைத்து எறிந்துவிட்டு, இரண்டாம் துளியை ஒற்றுத்தாளில் ஒற்ற வேண்டும். துளி பரவும். அதன் மினுக்கம் போக வேண்டும், ஆனால் காய்ந்துவிடக் கூடாது. அந்த இடைப்பட்ட நேரத்தில் நிறப் புத்தகத்தை எடுக்க வேண்டும். அதிலே வெளிறல் சிவப்பிலிருந்து கடும் சிவப்புவரை பத்துக் கட்டம், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ஓட்டை, கீழே பத்து, இருபது என்று நூறுவரை எண். தாளை ஓட்டைக்குப் பின்னால் பிடித்து நகர்த்திக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் இரத்தத்தின் நிறமும் புத்தகத்தின் நிறமும் ஒன்றாகி ஓட்டை மறைந்துவிடும். அதுதான் உங்கள் இரத்தத்தின் எண். நேர் வெய்யில் ஆகாது. நிழல் வெளிச்சம் வேண்டும். அதற்காக ஐயா பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, கடைசியில் பெரிய வாத்தியாரின் மேசையை வேப்பமரத்தடிக்குத் தூக்குவித்தார்.

ஊசியைக் கண்டதும் பெடியன்கள் பாதிப்பேர் மரத்தில் ஏறிவிட்டார்கள். பயம் தெளியட்டும் என்று ஐயா முதலில் என் விரலில் குத்தினார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பாக்கியம், உமக்கு ஐம்பது."

"வயதோ ஐயா?"

"இரத்தம்! நூறுக்கு ஐம்பது. என்ரை டிஸ்பென்சரியிலை வேலை செய்யிற ஆளுக்கு ஐம்பது!"

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள். அன்று அநேகம் பேருக்கு ஐம்பது, அறுபது. எட்டாம் வகுப்புத் தவமணிக்கு முப்பது. ஐயா அவளுடைய நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். தாய் செல்லம்மாவைக் கூப்பிட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டே வயிற்றையும் அமர்த்திப் பார்த்தார். தாயும் மகளும் போன பிறகு என்னிடம், "அந்தப் பிள்ளையின்ரை இருதயம் வலைக்குள்ளை பட்ட குருவி மாதிரி அடிக்குது. இனியும் குறைஞ்சால் தாங்காது. அவளுக்கு மருந்து ஒருநாளும் தவறப்படாது. திருப்பிச் சொல்லும்" என்றார். திருப்பிச் சொன்னேன்.

நாங்கள் புறப்படும் நேரம் பெரிய வாத்தியார் இன்னொரு முறைப்பாட்டோடு ஓடிவந்தார். பெண்பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்குப் பக்கம் அரைச்சுவர் குழி குழியாகப் போகிறதாம். "உந்தப் பக்கத்து வளவுச் செல்லையற்றை ஆடுதான் ஐயா. நக்கி நக்கிச் சுவரையே முடிக்கப்போகுது. ஆட்டைப் பட்டியிலை அடைக்கப்போறன் எண்டு சொல்லிப்போட்டன்" என்று துள்ளினார். ஐயா குனிந்து குழியைத் தடவிப் பார்த்தார்.

"ஆட்டுக்கு விரல்நகம் இருக்கோ வாத்தியார்?"

நான் தலையைக் குனிந்தேன். எனக்கு அது என்ன குழி என்று பார்த்தவுடனே தெரியும். ஏனென்றால் டிஸ்பென்சரியின் பின்சுவரில் அதே மாதிரிக் குழி ஒன்று இருந்தது. அது நான் தின்றது.

இதை எழுதும்போது தனியே இருந்து சிரிக்கிறேன். புதுமழை பட்டுப் புற்றுமண் சுவர் மணந்தால் என் வாய் ஊறத் தொடங்கிவிடும். போத்தல் கழுவப் போகும்போது ஒரு விரல், வரும்போது ஒரு விரல். இரத்தம் குறைந்தால் அப்படி ஒரு ஆசை வரும் என்று ஐயா பிறகு சொல்லித்தான் தெரியும். அந்த நாளில் அது என் ஒருத்திக்குத்தான் உள்ள பைத்தியம் என்று நினைத்து ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை.

முதலில் எல்லாருக்கும் பூச்சி மருந்து. வெறுங்காலோடு வயலிலும் பற்றையிலும் திரிகிற பிள்ளைகளுக்குக் குடலில் கொழுக்கிப் புழு இருந்து இரத்தத்தை உறிஞ்சும். அதைக் கழுவி வெளியேற்றிய பிறகு இரும்பு மருந்து. அப்போது எங்களிடம் குளிசை இல்லை. இளம்பச்சை நிறத்தில் தண்ணீர் போல ஒரு கரைசல். வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவந்து வாங்கிப் போக வேண்டும். பல்லில் பட்டால் பல் கறுக்கும் என்பதால் பப்பாசி இலைக் காம்பைக் குழலாக நறுக்கி, அதை நாக்குக்குப் பின்னால் வைத்து உறிஞ்சிக் குடிக்கச் சொன்னார் ஐயா. இரண்டு நாளில் ஊரிலே ஒரு பப்பாசி மரத்திலும் இலையில்லை. மொட்டைத் தலையும் காயுமாக நின்றன.

மருந்து கொடுத்த அன்று ஐயா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இந்த மருந்து குடிச்சால் வெளிக்குப் போறது கறுப்பாய்ப் போகும். அது நல்லது. பயப்பட ஒண்டுமில்லை. ஆம்பிளை நான் சொன்னால் பொம்பிளைப் பிள்ளையள் வெக்கப்படுங்கள். நீர் சொல்லும். எங்கை, எனக்குத் திருப்பிச் சொல்லும்."

நிலத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று தரம் சொன்னேன். பிறகு பெண்பிள்ளைகளின் வகுப்புக்குப் போனேன். இருபது இருபத்தைந்து பிள்ளைகள், கையிலே போத்தல்கள். கரும்பலகைக்கு அந்தப் பக்கம் சித்திர வாத்தியார், இளந்தாரி, மீசையை முறுக்கிவிட்டுப் பூசணிக்காய் கீறிக்கொண்டிருக்கிறார். நான் போத்தலைக் குலுக்குவதைச் சொன்னேன். சாப்பாட்டுக்குப் பிறகு என்று சொன்னேன். குழலைப் பற்றி இரண்டு தரம் சொன்னேன். அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் கீறிக்கொண்டிருந்த சோக்கட்டியின் சத்தம் நின்றது.

"அவ்வளவுதான். வேறை ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு வசனத்தால் வந்தது.

ஊரிலே ஏற்கெனவே தவமணியைப் பற்றி ஒரு கதை உலாவியது. அவள் சுவர் மண்ணைத் தின்பதை யாரோ கண்டுவிட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிதான் மண் தின்பாள் என்பது எங்கள் சனத்தின் எண்ணம். அவள் முகம் வெளிறியிருக்கிறாள், நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறாள், மூன்று மாதமாக வீட்டுக்குத் தூரமாகவும் இல்லை. அப்போதிக்கரி வயிற்றை அமர்த்திப் பார்த்தாராம் என்றதும் கதைக்குக் காலும் முளைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஊரிலுள்ள பெண்பிள்ளைகளுக்கெல்லாம் கறுப்பாய்ப் போகிறது. அப்படியென்றால் இது தவமணியின் வயிற்றைக் கரைக்கிற மருந்து, அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள்.

ஐந்தாம் நாள் காலையில் டிஸ்பென்சரி வாசலில் தாய்மார் ஒரு பட்டாளம். முன்னுக்குக் கனகம் அக்கா. அவருடைய குரலுக்கு ஆமிக்காரனும் வழிவிடுவான். எல்லார் கையிலும் மருந்துப் போத்தல்.

"ஐயா, எங்கடை பிள்ளையளுக்கு என்ன குடுத்தனீங்கள்?"

"ஏன், என்ன செய்யுது?"

"கறுப்பாய்ப் போகுது ஐயா!"

"என்ன கறுப்பாய்ப் போகுது?"

கனகம் அக்கா பின்னால் திரும்பினார். பின்னால் நின்றவர் தனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தார். அப்படியே கடைசி ஆள்வரை திரும்பினார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் மதில்.

"அது... அதுதான் ஐயா."

ஐயா என்னைப் பார்த்தார். "பாக்கியம், நீர் பிள்ளையளுக்குச் சொன்னனீர்தானே?"

நான் கையிலிருந்த பஞ்சை உருட்டத் தொடங்கினேன். ஐயாவுக்கு விளங்கிவிட்டது. ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதைத் துடைத்துக்கொண்டேயிருந்தது எனக்கு ஏச்சைவிடப் பெரிதாக இருந்தது.

அப்போதுதான் படலைக்கு வெளியே செல்லம்மா நிற்பதைக் கண்டேன். பட்டாளத்தோடு சேராமல் புளியமரத்தடியில் தனியாக. காலடியில் ஒரு தகரப் பெட்டி. பக்கத்தில் தவமணி, பெட்டியின் மேல் குந்தியபடி. மருந்தை நிறுத்தி மூன்று நாளாகிவிட்டதாம். பத்து மணி பஸ்ஸில் பிள்ளையைச் சாவகச்சேரியில் தன் தமக்கை வீட்டுக்கு அனுப்பப்போகிறார். ஒரு வருடம் போய் ஊர்வாய் அடங்கியதும் கூட்டிவரலாம் என்று. பிள்ளையின் உதடு சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

அவள் அந்த பஸ் ஏறினால் திரும்பிவரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஊரிலே ஐயாவுக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும்.

நான் எப்படி விறாந்தையில் கிடந்த வாங்கில் ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாங்கு கடகடவென்று ஆடியது.

"எனக்கும் கறுப்பாய்த்தான் போகுது!" என்று கத்தினேன்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"நானும் அதே மருந்துதான் குடிக்கிறன். ஐயா சொல்லச் சொன்னவர், நான்தான் வெக்கத்திலை சொல்லேல்லை. இரும்பு உள்ளுக்கை போனால் மிச்சம் கறுப்பாய்த்தான் வரும். அதுக்கும் வயித்துக்கும் ஒரு தொடர்புமில்லை."

"அப்ப உவள் ஏனடி மண் திண்டவள்?" என்று கனகம் அக்கா புளியமரப் பக்கம் கையை நீட்டினார்.

"நானும் திண்டனான்! வாங்கோ, காட்டுறன். டிஸ்பென்சரிப் பின்சுவர். ஒரு முழம் திண்டிட்டன். எனக்குக் கலியாணமே பேசேல்லை. ரத்தம் இல்லாட்டில் மண் கேக்கும் அக்கா. அவளுக்கு முப்பது, எனக்கு ஐம்பது. அவ்வளவுதான் வித்தியாசம்!"

ஐயா மெதுவாகக் கேட்டார். "பின்சுவர் நீரோ?"

"ஓம் ஐயா."

"கறையான் எண்டு நான் மேலிடத்துக்கு ரெண்டு கடிதம் எழுதினனான், பாக்கியம். கறையான் மருந்து அனுப்பியிருக்கிறாங்கள்."

முதலில் ஒரு வயதான தாய்தான் சிரித்தார். தலையில் கையை வைத்துக்கொண்டு, "எடி பிள்ளையள், நான் குமராய் இருக்கேக்கை பானை ஓடு திண்டனான். புதுப் பானை ஒண்டைக் கழுத்துவரை முடிச்சுப்போட்டு, நாய் உடைச்சது எண்டனான்" என்றார். இன்னொருவர் அடுப்புக் கரி என்றார். ஒருவர் கற்பூரம் என்றார். அவரைக் கோயிலடியில் எல்லாரும் பெரிய பக்தை என்று நினைத்திருந்தார்கள். சிரிப்பு முற்றத்தைச் சுற்றி வந்து கனகம் அக்காவிடம் நின்றது.

"என்னை ஏன் பாக்கிறியள்?" என்றார். பிறகு, "பச்சை அரிசி. இப்பவும்தான். என்ரை மனிசன் எலி எண்டு சொல்லி வீடெல்லாம் பொறி வைச்சிருக்குது" என்றார்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்கே ஐயா அங்கு நின்ற தாய்மாரையும் வரிசையில் நிறுத்தி விரலில் குத்தினார். கனகம் அக்காவுக்கு நாற்பது.

சிரிப்புக்குள் செல்லம்மா படலையைத் திறந்து உள்ளே வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ஐயாவுக்கு முன்னால் வந்து நின்றார். ஐயா அவருக்கு மட்டும் கேட்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊர் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"உங்கடை பிள்ளையிலை ஒரு பிழையுமில்லை. ரத்தம் குறைவு, அவ்வளவுதான். எங்கை, திருப்பிச் சொல்லுங்கோ."

"என்ரை பிள்ளையிலை..." என்று தொடங்கிச் செல்லம்மா நிறுத்திவிட்டார்.

"முதலிலை இருந்து."

"என்ரை பிள்ளையிலை ஒரு பிழையுமில்லை. ரத்தம் குறைவு."

"எனக்குக் காது மந்தம். இன்னொருக்கா."

மூன்றாம் தரம் அவர் அதைச் சொன்னபோது அழுதாரா சிரித்தாரா என்று பிரித்தறிய முடியவில்லை. சுற்றிநின்ற பெண்களும் சேர்ந்து சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல. பத்து மணி பஸ் வந்து ஹோன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. தகரப் பெட்டியை நானும் கனகம் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தோம்.

அடுத்த நாளிலிருந்து தவமணி வகுப்புக்குப் போகும் வழியில் டிஸ்பென்சரிக்கு வந்து, என் கண்முன்னால் குடித்துவிட்டுப் போனாள். நானும் அவளும் எதிரெதிரே இருந்து, பப்பாசிக் குழலால் யார் முதலில் உறிஞ்சி முடிப்பது என்று போட்டி. பிள்ளைக்கு முருங்கையிலையும் ஈரலும் முட்டையும் கொடுக்கவேண்டும் என்று ஐயா பட்டியல் போட்டுத் தாயைத் திருப்பிச் சொல்வித்தார். பெரிய வாத்தியார் செல்லையரிடம் போய், ஆட்டைப் பற்றிச் சொன்னதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டார். செல்லையர் விடவில்லை. ஆட்டிடமே சொல்ல வேண்டும் என்று நின்றார்.

நாலாம் மாதம் மறுபடியும் வேப்பமரத்தடியில் மேசை. பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். எழுபது, எழுபத்தைந்து, எழுபது. நான் பதிவுக் கொப்பியில் பெயருக்கு நேரே எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன்.

"தவமணி" என்று கூப்பிட்டேன்.

அவள் வந்தாள். விரலை நீட்டினாள். நான் ஸ்பிரிற் பஞ்சை எடுத்ததும் ஊசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐயோ பாக்கியமக்கா, நான் மாட்டன்!" என்று பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள். நான் பஞ்சும் கையுமாகப் பின்னால் ஓடினேன். கிணற்றைச் சுற்றினாள். விளையாட்டு நிலத்தைக் கடந்தாள். வரம்பில் ஏறி, வாய்க்காலை ஒரே பாய்ச்சலில் தாண்டி, அந்தப் பக்கம் நின்று எனக்கு நாக்கைக் காட்டினாள். வாய்க்கால் கரையில் நான் குந்திவிட்டேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

திரும்பி வந்து, "ஐயா, பிடிக்க ஏலாது" என்றேன்.

ஐயா மரத்தடியில் எழுந்து நின்று, நெற்றிக்குக் கையைக் கொடுத்து, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிறப் புத்தகத்தை மூடினார்.

"விடும் பாக்கியம்."

"அப்ப நம்பர் என்ன போடுறது ஐயா?"

"கண்டதைப் போடும்."

எண் எழுதுகிற கட்டத்துக்குள், என்னுடைய ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில், "ஓடுகிறாள்" என்று எழுதினேன்.